முகத்தில் காட்டாத பயம்

நேற்றுக் காலை தவமணி அண்ணனின் மனைவி போனில் அழைத்தார். "அவுக போயிட்டாக தம்பி" என்றார்.

ஒத்தக்கடையிலிருந்து திருப்பரங்குன்றம் போகும் பேருந்தை அண்ணன் ஓட்டினார், நான் நடத்துநர். குறுக்கே பைக் பாய்ந்தாலும் அவர் வாயிலிருந்து ஒரு வசவு வந்ததில்லை. அவருக்குப் பயமே கிடையாது என்று டெப்போவில் பேசிக்கொள்வோம்.

ஒருநாள் மேலூர் சாலையில் முன் டயர் வெடித்தது. வண்டி நிறைய ஆட்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினேன். அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, வண்டியைச் சாலையோர மண்ணில் இறக்கி நிறுத்தினார்.

"யாருக்கும் அடி இல்லையே? பைய இறங்குங்க."

குரலில் பிசிறில்லை. எல்லோரும் இறங்கியபின் ஒரு மரத்தடிக்குப் போய்க் குனிந்து வாந்தி எடுத்தார். சட்டை முழுக்க வேர்வை.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பரிசோதித்த மருத்துவர், ரத்த அழுத்தம் மிக அதிகம் என்றார்.

"அலறுனது நான். எனக்கு ஒண்ணுமில்ல. இவரு அசையக்கூட இல்லையே டாக்டர்?"

"முகம் அசையலைன்னா உடம்பும் அமைதியா இருக்குன்னு அர்த்தமில்ல. ஆளுக்கு ஆள் மாறும். இவரு எல்லாத்தையும் உள்ளயே அடக்குறாரு. மாத்திரை சாப்பிடட்டும். மனசு விட்டுப் பேசவும் செய்யட்டும்."

வெளியே வந்ததும் கேட்டேன். "அம்புட்டுப் பயமாண்ணே?"

"தினமும்தான் மாப்ள. வண்டிய எடுக்கும்போதே நெஞ்சு அடிச்சுக்கிரும். நான் கத்துனா பின்னாடி இருக்குறவுக என்ன ஆவாக?"

மலைத்துப்போனேன். இத்தனை ஆண்டுகளாக எங்கள் எல்லோருடைய பயத்தையும் தம் உடம்பில் வாங்கிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

அதன்பின் டீக்கடையில் வாய் திறந்தார். "இன்னிக்கு ஒரு பிள்ளை குறுக்க ஓடுச்சு, செத்துப் பொழச்சேன்" என்பார். முதலில் சிரித்த ஓட்டுநர்கள் மெல்ல மெல்லத் தங்கள் பயத்தையும் சொல்லத் தொடங்கினார்கள். முறுக்கு மீசைக்காரர்கள் நடுங்கிய கதைகளை அங்கேதான் கேட்டேன். அண்ணனின் ரத்த அழுத்தமும் இறங்கியது. வீட்டில் மட்டும் சொல்லவில்லை. "உங்க மதினி பயந்துருவா மாப்ள."

ஓய்வுபெற்றபின் வயிற்றில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சைக்குப் போனவர் கண்விழிக்கவில்லை.

கீழக்குயில்குடியில் அவர் வீட்டுக்குப் போனபோது மதினி சொன்னார்: "உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி, 'பயமா இருக்கு'ன்னாக. கல்யாணமானதுலருந்து அவுக வாயில கேக்காத சொல்லு. 'எனக்கும்தான்'னேன். கட்டில் சின்னதுதான் தம்பி. இருந்தாலும் ஏறி அவுக பக்கத்துல உக்காந்துக்கிட்டேன். ஸ்ட்ரெச்சர் வார வரைக்கும் எந்தோள்ல சாஞ்சிருந்தாக."

சென்று வாருங்கள், அண்ணே. மதினியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.