உரம் போடாத நிரைகள்

நோர்வூட்டுக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில், அரசாங்கத்தின் தேயிலை ஆராய்ச்சிக்காக உரமே போடாமல் விட்ட நிரைகளில் நான்கு வருஷமாகக் கொழுந்து எடுப்பவள் தனுஷிகா. அங்கே விளைச்சல் குறைவு. எடை குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். அதனால் உரம் போட்ட பக்கத்து நிரைப் பெண்கள் தினமும் அவளுடைய கூடையில் ஆளுக்கு இரண்டு கை அள்ளிப் போடுவார்கள்.

அன்று ஆராய்ச்சி அதிகாரி சுந்தரலிங்கம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வந்தார். "ரெண்டு பக்கமும் ஒரே எடைதாம்மா. உரத்தால பிரயோசனம் இல்லேன்னு அமைச்சு காச நிறுத்திருச்சு. அடுத்த மாசத்தோட எனக்கும் வேல இல்ல," என்றார்.

தனுஷிகா திகைத்துப்போனாள். பக்கத்து நிரைக் காளியாயி, "வாயத் தொறந்துறாதடி," என்று கிள்ளினாள்.

"ஐயா, என் கூடையில பாதி என் நிரைக் கொழுந்து இல்லைங்க. இவங்க போட்டது."

"நாலு வருஷமுமா?"

"ஆமாங்க. கொழுந்து கொறஞ்ச மாசத்துல இன்னும் கூடுதலா போட்டாங்க."

சுந்தரலிங்கம் சாக்குமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.