நானாவோடு ஒரே வேனில் ரிவர்ஸ்டன்

இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் தூரத்தையும் நேரத்தையும் செலவையும் சரியாக எழுதுகிறவன். மாத்தளையைப் பற்றி மட்டும் இதுவரை ஒரு வரியும் எழுதியதில்லை. அது என் சொந்த ஊர். ஆறு வருடங்களாக அங்கே போகவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வாப்பா மவுத்தான அன்று நான் திருகோணமலையில் பரீட்சை மேற்பார்வையில் இருந்தேன். உடனே விட மறுத்த அதிகாரியின் முகம் இன்றைக்கும் மறக்கவில்லை. மாத்தளையில் வந்து இறங்கியபோது மாலை ஐந்து பத்து. நாலரைக்கே அடக்கிவிட்டார்கள். சீக்கிரம் அடக்குவதுதான் எங்கள் வழக்கம், அது எனக்கும் தெரியும். ஆனால் மூத்த மகனான என் நானா, "தம்பி வரட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாற்பது நிமிடம் பொறுத்திருப்பார்கள். சொல்லவில்லை. நான் மையவாடிக்குப் போகாமல் கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டேன். அங்கே வாப்பாவை அடக்கிய கப்ரு எது என்பதே எனக்குத் தெரியாது. தலைமாட்டில் நடும் மீஸான் கற்களில் பெயர் எழுதுவதில்லை. பெண்கள் உள்ளே போவதில்லை, அதனால் தாத்தாவுக்கும் தெரியாது. (எங்களில் அண்ணனை நானா என்றும் மூத்த சகோதரியைத் தாத்தா என்றும் சொல்வோம்.) நானாவிடம்தான் கேட்க வேண்டும். எனக்கோ அவரிடம் பேச வாய் வரவில்லை.

சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் மகள் ரிவர்ஸ்டன் மலையைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மாத்தளையிலேயே இருக்கும் தாத்தா, "வாங்க, வேன் நான் பேசி வைக்கிறேன்" என்றார். வெள்ளிக்கிழமை இரவு நான், மனைவி, மகள் மூவரும் அவர் வீட்டில் தங்கினோம். சனிக்கிழமை காலை 6.40க்கு வேனில் ஏறினால், முன் சீட்டில் நானா. தாடி முழுக்க வெளுத்திருந்தது.

"இவர் வாறத ஏன் செல்லல்ல?" என்று தாத்தாவிடம் கேட்டேன்.

"செல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

வேன் வாடகை, டீசலும் டிரைவரும் சேர்த்து 16,000 ரூபா. டிரைவர் செல்வம் தோட்டப் பக்கத்துக்காரர், சிரித்த முகம். ரத்தோட்டை 11 கிலோமீற்றர். டீசல், தண்ணீர், பிஸ்கட் எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், மேலே கடைகள் குறைவு. அதற்குப் பிறகு வளைவுகள்தான். மிளகுக் கொடி போய்த் தேயிலை வருகிறது, தேயிலை போய்க் குளிர் வருகிறது.

"செல்வம், முன்னால இருக்கிறவர ஜன்னல மூடச் செல்லுங்க" என்றேன்.

நானா செல்வத்திடம், "பின்னால இருக்கிறவருக்குக் காத்து வேணும். வளைவுல வாந்தி எடுக்கிற ஆள்னு செல்லுங்க" என்றார்.

"சேர், நான் வேன் ஓட்டத்தாங்க வந்தேன். தபால் கொண்டு போறதுக்குத் தனி சார்ஜ்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஜன்னல் பாதி மூடியது.

ரிவர்ஸ்டனை 8.05க்கு அடைந்தோம். மாத்தளையிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர். வீதியிலிருந்து உச்சியிலுள்ள தொலைத்தொடர்புக் கோபுரம் வரை ஒன்றரைக் கிலோமீற்றர் நடை. எங்களுக்கு முப்பத்தைந்து நிமிடம் எடுத்தது. நானாவுக்கு முழங்கால் வலி, அவர் கீழேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். மேலே வெள்ளைச் சுவர்போல மூடுபனி. பக்கத்தில் ஒரு கூட்டம் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு, காற்றின் சத்தத்தைக்கூடக் கேட்க விடாமல் ஆடியது. திட்டிக்கொண்டே திரும்ப நினைத்தபோது பனி விலகியது. லக்கல பக்கத்து வயல்கள் கீழே பச்சையாகத் தெரிந்தன. ஏழெட்டு நிமிடம்தான். அதற்காகவே இன்னொரு தடவை போகலாம்.

இறங்கி வந்தபோது என் காலில் மூன்று அட்டைகள். நானா சட்டைப் பையிலிருந்து ஓர் உப்புப் பொட்டலத்தை எடுத்து என் மகளிடம் நீட்டி, "ஒங்க வாப்பாவுக்குக் குடுங்க மகள்" என்றார். வாங்கிக்கொண்டேன். அட்டைக்கு மானம் பார்க்க முடியாது.

அங்கிருந்து எட்டுக் கிலோமீற்றர் கீழே பிட்டவல பத்தன. பாறைமேல் புல் விரித்ததுபோன்ற வெளி. டிக்கெட் எடுக்க வேண்டும், சில்லறை கொண்டு போங்கள். பள்ளத்தாக்கின் விளிம்பைப் பார்த்துவிட்டு 12.30க்கு வீதியோர மரநிழலில் சாப்பாட்டை விரித்தோம். தாத்தா பெண்களுக்கு ஒரு சஹனும் ஆண்களுக்கு ஒரு சஹனும் கொண்டுவந்திருந்தார். சஹன் என்றால் பலர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. கடையை விட்டு வர முடியாததால் தாத்தாவின் கணவரான மச்சான் வரவில்லை. ஆகவே ஆண்கள் மூன்று பேர்: நான், நானா, செல்வம். எனக்கு வேறு சாப்பாட்டுக் கோப்பை இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்ல" என்றார் தாத்தா. வேண்டுமென்றேதான்.

சஹனில் அவரவர் தன் பக்கத்துச் சோற்றைச் சாப்பிட வேண்டும். இறைச்சி நடுவில் இருக்கும். நானா ஒரு நல்ல தொடைத் துண்டை விரலால் என் பக்கம் தள்ளினார். நான் அதைத் திருப்பித் தள்ளினேன். மறுபடி வந்தது. மறுபடி அனுப்பினேன். மூன்றாம் முறையும் வந்தபோது செல்வம் கையைத் தூக்கிவிட்டார்.

"சேர், இந்தக் கோழி உசுரோட இருந்தப்பக்கூட இவ்வளவு நடந்திருக்காதுங்க."

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. நானாவும் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது, அடக்கப் பார்த்தேன், புரையேறியது. நானா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார், இந்த முறை யார் வழியாகவும் இல்லாமல். துண்டைச் சாப்பிட்டேன்.

இரண்டரைக்குத் திரும்பினோம். வழியில் தேத்தண்ணிக்கு ஒரு மணித்தியாலம் போனது. ரத்தோட்டையையும் தாண்டினோம். ஊர் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்விட்டால் நாளைக் காலை கொழும்பு, அதன்பிறகு இன்னுமோர் ஆறு வருடம்.

"நானா" என்றேன். "வாப்பாட கப்ரு எங்க?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "செல்வம், டவுனுக்குப் போக முந்தி மையவாடிப் பக்கம் திருப்புங்க" என்றார். செல்வம் பகிடி ஒன்றும் விடாமல் சிக்னல் போட்டார்.

பெண்கள் வேனில் இருந்தார்கள். நாங்கள் இருவரும் உள்ளே போனோம். நானா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி முன்னால் நடந்தார். ஒரு கல்லருகே நின்றார். சுற்றிப் புல் வெட்டியிருந்தது.

"நான் பொறுத்திருக்கணும்" என்றார். "மழை வரப் போகுதுன்னாங்க. சரின்னுட்டேன். மழையும் வரல்ல."

அந்த வார்த்தைக்கு ஆறு வருடங்களாக முப்பது பதில்கள் வைத்திருந்தேன். இருவரும் கையேந்தி துஆக் கேட்டோம். மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுத மாட்டேன். வரும்போது அவர் முழங்காலுக்காக என் தோளைக் கொடுத்தேன், அவ்வளவுதான். நோன்புப் பெருநாளைக்கு வருகிறோம் என்று மகள் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டாள். நான் மறுக்கவில்லை.

போக நினைப்பவர்கள் ஏழு மணிக்கு முன் மாத்தளையை விட்டுப் புறப்படுங்கள். குடை வேண்டாம், காற்று பிய்த்துவிடும், மழைச் சட்டை கொண்டு போங்கள். உப்பு கட்டாயம். ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒரு தூரம், எனக்காக. மையவாடி கேட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை நாற்பத்திரண்டு காலடி. அங்கிருந்து இடப்பக்கம் மூன்றாவது வரிசை, பலா மரத்துக்கு நேரே. கட்டணம் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தது மாலை ஐந்து பத்துக்கு. கேட் திறந்திருந்தது.