மஞ்சள் கல்லும் பச்சைக் கல்லும்

எழுபதுகளில் நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. என்னோடு வேலை பார்த்த நண்பர் நாசரேத்துக்காரர். பிளேடு பட்டால் அவர் முகம் வேர்க்குரு போலப் பொரிந்துவிடும் என்பதால் மடக்குக் கத்தியில்தான் சவரம். எனக்கு அந்தத் தொந்தரவு கிடையாது. வெறும் ஜம்பத்துக்காக நானும் ஒரு கத்தி வைத்திருந்தேன். சாணை பிடிக்க இருவருக்கும் தெரியும். கடைசியில் தேய்த்து மழமழப்பாக்கும் கல் மட்டும் அமையவில்லை. கடைத்தெருவில் கிடைத்ததெல்லாம் அரிவாளுக்குத்தான் லாயக்கு.

புதுத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலின் சமையல்காரரிடம் இரண்டு கற்கள் இருந்தன. ஒன்று வெளிர் மஞ்சள், மற்றது கரும்பச்சை. ஒரு பெட்டி மக்ரூனைக் கொடுத்து நண்பர் காரியத்தை முடித்தார். ஆளுக்கு ஒன்று, பேரம் பேசியவர் முதலில் எடுப்பது என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமை முத்தையாபுரத்தில் என் வீட்டில் சோதனை. என் இடது கன்னத்துக்குப் பச்சை, வலது கன்னத்துக்கு மஞ்சள். எது எதுவென்று தெரியாத என் மனைவி தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். அவர் கன்னத்தை அவள் தடவ முடியாதே.

கற்கள் என் வீட்டில் இருந்ததால் சனிக்கிழமையே இரண்டையும் சோதித்துவிட்டேன். மஞ்சள் கல் அருமை. பச்சை சுமார்கூட இல்லை.

மறுநாள் நண்பர் முன்னால் பச்சையில் ஒழுங்காகத் தீட்டினேன். மஞ்சளில் தீட்டும்போது கத்தியின் முதுகை இம்மி தூக்கிப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் எந்தக் கல்லும் விளிம்பைக் கெடுத்துவிடும். அவர் மக்ரூன் தின்றுகொண்டிருந்தார், கவனிக்கவில்லை.

"இடது பரவாயில்ல. வலது பனமட்டை கணக்கா அறுக்கு" என்றாள் மனைவி.

"மைனி சொன்னா அப்பீலே கிடையாது. பச்சை எனக்கு. மனசுல வச்சுக்கிடாதேயும் ஓய்" என்றார்.

அதன்பின் தினமும் கன்னத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு ஆபீஸ் வந்தார். "என்ன வே, வீட்டுல பூனை வளக்கீரா?" என்று கேஷியர் கேட்டார். "கல்லு நல்ல கல்லுதான். என் கைதான் விளங்கல" என்றார் நண்பர்.

அந்தச் சமயத்தில் அவருக்குச் சாத்தான்குளத்தில் ஒரு டீச்சரைப் பார்த்திருந்தார்கள். போட்டோவை மேசை டிராயரில் வைத்து, ஃபைல் தேடுகிற சாக்கில் அடிக்கடி பார்ப்பார். பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் என்னிடம் வந்தார்.

"ஓய், உம்ம கல்லுல ஒருக்க தீட்டிக்கிடுதேன். இதுக்கு மேல மோசமாவா போயிரும்?"

ஒருமுறை தீட்டினாலே அவருக்கு விளங்கிவிடும். "அது கீழ விழுந்து ரெண்டாப் போச்சு வே" என்றேன்.

"அடப்பாவமே" என்று எனக்காக வருத்தப்பட்டார்.

திரும்பி வந்து அவர் சொன்னதைக் கேட்டு ஆபீஸே சிரித்தது. "பொண்ணோட அப்பா காப்பி தந்தாரு. பெறவு பாளையங்கோட்டையில ஒரு தோல் டாக்டர் அட்ரஸ் தந்தாரு." மாப்பிள்ளைக்கு ஏதோ சீக்கு என்று முடிவு செய்து, வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அன்று மாலை டிராயரிலிருந்து போட்டோவை எடுத்துக் கவரில் போட்டு ஒட்டினார். அப்போது அவர் சிரிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த வாரம் பச்சைக் கல்லைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். "நான் இனிமே சலூனுக்கே போயிருதேன். உமக்குத்தான் கல்லு இல்லியே. இத வச்சுக்கிடும்."

வாங்கிக்கொண்டேன். அவர் இருந்தவரை நான் உண்மையைச் சொல்லவேயில்லை. சந்தர்ப்பம் வாய்க்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

வீட்டில் மனைவி, "உங்க கல்லுதான் இங்கன நல்லா இருக்கே, இது எதுக்கு?" என்று கேட்டாள்.

"கெடக்கட்டும்" என்றேன். மறுநாள் காலையில் மஞ்சள் கல்லில் தீட்டிச் சவரம் செய்தேன். நன்றாகத்தான் இருந்தது.