காய்க்காத மாதத்தில் சீத்தா வாசனை

1991 சித்திரையில் எங்கள் வீட்டுக்குள் சீத்தாப்பழ வாசனை அடித்தது. பழக்காலம் ஐப்பசியோடு முடிந்திருந்தது. பின்பக்கத்து மரத்தில் அப்போதுதான் பூவே விட்டிருந்தது.

அந்த ஐப்பசியில்தான் தங்கை காய்ச்சலில் இறந்தாள். கடைசி நாள் சீத்தாப்பழம் கேட்டாள். அரிசிப் பானையில் பழுக்கப் போட்டிருந்த ஒரே பழத்தை முந்தின நாளே நான் தின்றிருந்தேன். "எலி இழுத்துகினு போயிருக்கும் கண்ணு" என்று அம்மா அவளிடம் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை.

பொழுது சாய்ந்தால் அம்மா பின்கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிடுவாள். "வந்துகினு கீறாடா. வாசன வருது பாரு."

ஷிப்ட் முடிந்து வரும் அப்பா, "இன்னாடி, பேய்க்குக் கதவு தொறந்து வச்சிகினு! வல்லக்கோட்டை கோயிலுக்கு இட்டுகினு போயி கயிறு கட்டணும் உனக்கு" என்பார்.

எனக்கும் அந்த வாசனை அடித்தது. என்னைத்தான் தேடி வருகிறதென்று பட்டது.

அப்போது நான் தாவரவியல் முதலாண்டு. எங்கள் வம்சத்தில் காலேஜுக்கு பஸ் ஏறிய முதல் ஆள். ஒரு மாலை வாசனையைப் பிடித்துக்கொண்டே போனேன். கிணற்றடி வேலியில் மனோரஞ்சிதக் கொடி. இலை மறைவில் மஞ்சளாகப் பழுத்த ஒரு பூ. அதையும் ஒரு சீத்தாப் பூவையும் பறித்துவந்து அம்மா முன்னால் பிய்த்தேன்.

"பாரும்மா, ரெண்டுத்துலயும் இதழு மூணு மூணா, தடிப்பா கீது. ரெண்டும் ஒரே குடும்பம். அக்கா தங்கச்சி மாதிரி. அதான் பழ வாசன. வேற ஒண்ணுமில்ல."

"தங்கச்சியா?" என்றாள் அம்மா. மஞ்சள் பூவின் இதழ்களைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் நம்பவில்லை. மறுநாள் காலை கொடியை அடியோடு வெட்டினேன். அம்மாவுக்காக என்றுதான் அப்பாவிடம் சொன்னேன்.

அன்று மாலை வாசனை வரவில்லை. இருட்டும்வரை அம்மா கதவருகே இருந்தாள். பிறகு கேட்டாள்:

"இனிமே வரமாட்டாளாடா?"

ரெக்கார்டு நோட்டின்மேல் குனிந்திருந்தேன். எலி இல்லம்மா, நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ஆடியில், வெட்டிய கட்டையில் இரண்டு தளிர் விட்டிருந்தது. யாரும் பார்க்காத நேரமாக ஒரு செம்புத் தண்ணீரோடு போனேன். மண் ஏற்கெனவே ஈரமாக இருந்தது. அதன்மேல் அரிசி களைந்த தண்ணீரின் வெள்ளை படிந்திருந்தது.

நானும் என் செம்பைக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.