ஒன்று, நான்கு, ஒன்று

லேத்து மாமா எதைப் பார்த்தாலும் முதலில் குனிகிறார். குழந்தை வண்டி, தள்ளுவண்டி, மருத்துவமனைக் கட்டில், என் பயணப்பெட்டி, எதுவானாலும் சக்கரம் இருந்தால் போதும். ஒரு கையை முழங்காலில் ஊன்றித் தலையைச் சாய்த்து, ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து எண்ணுவார். உதடு அசையும். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "ரெண்டு அச்சு" என்பார், யாரும் கேட்காமலே. பதினொரு வாரங்களுக்கு முன் என் அப்பாவின் உடலை ஏற்றிப் போக வாசலில் வண்டி வந்து நின்றபோதும் குனிந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவரை மன்னிக்கவில்லை. அதற்கு முன்பு மன்னித்ததாகவும் நினைவில்லை.

ரயில் எஞ்சின் பணிமனையில் முப்பத்தாறு ஆண்டுகள் சக்கரம் கடைந்தவர். ஓடித் தேய்ந்த சக்கரங்களை லேத்தில் ஏற்றி, விளிம்பைச் சீவி, மறுபடியும் சரியான வட்டமாக்கி இறக்குவது வேலை. பணிமனையில் அவருக்கு லேத்து என்று பெயர். எங்கள் வீட்டிலும் அதே பெயர்தான். நான் மட்டும் மரியாதைக்கு ஒரு மாமா சேர்த்துக்கொள்வேன். வயது எழுபத்து நான்கு. இடது காது கேட்காது. "அதை லேத்துக்கே குடுத்துட்டேன்" என்பார், ஏதோ தானம் செய்ததுபோல. தேநீர்க் கோப்பையைக் கையில் வாங்கியதும் அதன் விளிம்பில் விரலை ஒரு சுற்று ஓட்டுவார்.

"இது கோணல், தங்கச்சி."

"உங்க கண்ணு கோணல்ணே. ஆறிப்போகுது, குடிங்க" என்பாள் அம்மா.

அதே பணிமனையின் வரைபடப் பிரிவில் இருந்தவர் என் அப்பா. ஓய்வு பெற்ற மறுமாதம் ஒரு நீராவி எஞ்சினின் வரலாற்றை எழுத உட்கார்ந்தார். ஒரே ஒரு எஞ்சின் அல்ல; சக்கர அமைப்பை வைத்துப் பிரித்த ஒரு வகை. முன்னால் இரண்டு சிறிய சக்கரங்கள், நடுவில் இழுக்கிற பெரிய சக்கரங்கள் எட்டு, பின்னால் மறுபடி இரண்டு சிறியவை. ஒரு காலத்தில் உலகத்தின் பாதிச் சரக்கை இழுத்த அமைப்பு என்று அப்பா சொல்வார். தூர தேசம் ஒன்றுக்கு மொத்தமாகச் செய்து அனுப்பியபோது அந்த நாட்டு மன்னரின் பட்டமே இந்த எஞ்சினுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. அப்பா அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார். இரண்டு-எட்டு-இரண்டு என்பார். புத்தகத்துக்கும் அதுதான் தலைப்பு.

பதினேழு ஆண்டுகள் ஒவ்வொரு ஞாயிறும் மூன்று மணிக்கு லேத்து வந்தார். கதவைத் தட்டும் சத்தம் கேட்டதும் அம்மா என்னிடம், "போ, உங்கப்பாவோட சின்ன வீடு வந்தாச்சு, திற" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். மூன்றிலிருந்து ஏழு வரை அப்பாவின் அறைக் கதவு சாத்தியிருக்கும். வாரம் முழுக்க எங்களுக்கு 'ம்' என்று மட்டும் பதில் சொன்ன மனிதர் உள்ளே கத்திக்கொண்டிருப்பார்.

சண்டை எப்போதும் ஒன்றுதான். அப்பா சக்கரங்களை எண்ணுவார். லேத்து அச்சுகளை எண்ணுவார். அப்பாவுக்கு இரண்டு-எட்டு-இரண்டு, லேத்துக்கு ஒன்று-நான்கு-ஒன்று. எஞ்சின் ஒன்றுதான். உலகத்திலும் இரண்டு விதமாக எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இருவருமே சரி. அது தெரிந்தும் சண்டை.

"யோவ், எஞ்சினுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கா இல்லையா? அங்க சக்கரம் கிடையாதா?"

"இருக்கு சார். தனியா வருமா? அச்சும் ரெண்டு சக்கரமும் ஒட்டிக்கிட்டுதானே என் லேத்துல ஏறும். புருஷனையும் பொண்டாட்டியையும் தனித்தனியா எண்ணிட்டு, வீட்டுல ரெண்டு குடும்பம்னு சொல்லுவீங்களா?"

அப்பா சிரிக்கும் சத்தம் கேட்கும். மூச்சு வாங்குகிற, இருமலில் முடிகிற சிரிப்பு. பக்கத்து அறையில் நான் என் வேலையைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாலங்களின் மீது எவ்வளவு எடை ஏறலாம் என்று கணக்கிடுவது என் பிழைப்பு. அச்சு எடை பற்றி அந்த வீட்டில் எனக்குத்தான் அதிகம் தெரியும். ஒருமுறை இரண்டாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, ஒரு அச்சு எடை தவறு என்று கணக்கோடு காட்டினேன். "பாக்கறேன்" என்றார். ஆறு ஆண்டுகள் பார்த்தார். மாற்றவில்லை.

அப்பா யோவ் என்று கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஒருவரைத்தான்.

இப்போது புத்தகம் என் கையில். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், எல்லாம் அப்பாவின் கையெழுத்து. எஞ்சின் பிரியர்களின் சங்கம் ஒன்று வெளியிடச் சம்மதித்தது. நான் கணினியில் ஏற்றினேன். முதல் பக்கத்தில் அப்பா இரண்டு பெயர்கள் எழுதியிருந்தார்: தன் பெயர், அதன் கீழே லேத்துவின் முழுப்பெயர். நான் ஒன்றை மட்டும் ஏற்றினேன். இரண்டுக்கும் இடம் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கம் முழுக்க இடம்தான்.

நான்காம் அத்தியாயத்தில் மட்டும் எண்கள் வேறாக இருந்தன. அது பின்சக்கரத்தின் கதை. பழைய எஞ்சின்களில் நிலக்கரி எரியும் நெருப்புப் பெட்டி பெரிய சக்கரங்களுக்கு இடையில் ஒடுங்கிக் கிடந்தது. பெட்டியைப் பின்னுக்குத் தள்ளி அடியில் ஒரு சிறிய அச்சைக் கொடுத்ததும், அது அகலமாக விரிய இடம் கிடைத்தது, நெருப்பும் பெரிதானது. அந்த அத்தியாயம் முழுக்க ஒன்று-நான்கு-ஒன்று. ஓரத்தில் சிவப்பு மையில் அப்பாவின் குறிப்பு: 'இங்கே எண்ணிக்கை அவருடையது. தொட வேண்டாம்.'

தொட்டேன். ஐம்பத்தெட்டு இடங்களில். கையோடு இரண்டாம் அத்தியாயத்தில் என் அச்சு எடையையும் போட்டுவிட்டேன்.

போன ஞாயிறு மூன்று மணிக்கு வந்தார். மறுநாள் பக்கங்கள் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். அதற்குள் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தும் தன் முக்காலியில்தான் உட்கார்ந்தார். பக்கங்களைக் கொடுப்பதற்கு முன் பல நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"அப்பா என்னைப் பத்தி ஏதாவது பேசுவாரா, மாமா?"

யோசித்தார். உண்மையாகவே தேடிப் பார்த்தார். "இல்ல பாப்பா. சக்கரம் பேசவே நேரம் பத்தாது எங்களுக்கு."

எனக்கு நாற்பத்தொரு வயது. ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை இந்த மனிதருக்கு. பக்கங்களை அவர் மடியில் வைத்தேன்.

விரலை வரிக்குக் கீழே வைத்து, வாயசைத்துத்தான் படிப்பார். முதல் பக்கத்தில் விரல் நின்றது. அங்கே இருந்தது ஒரு பெயர். பெருவிரலால் அதை ஒருமுறை தடவி, மை ஒட்டியிருக்கிறதா என்று விரலைப் பார்த்தார். "சார் பேரு நல்லா விழுந்திருக்கு" என்றார். திருப்பினார். தன் பெயர் எங்கே என்று கேட்பார் எனக் காத்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து நான்காம் அத்தியாயத்துக்கு வந்ததும் விரல் மறுபடி நின்றது.

"இது என்ன பாப்பா?"

"மத்த எல்லா இடத்துலயும் ரெண்டு-எட்டு-ரெண்டு. இதுல மட்டும் மாறியிருந்துச்சு மாமா. பிழைன்னு திருத்தினேன்."

கண்ணாடியைக் கழற்றினார். பணிமனைச் சத்தத்தில் பழகிய குரல் அவருடையது, எப்போதும் உரக்கத்தான் வரும். அன்று உரக்க வரவில்லை.

"பேரை எடுத்தே, சரி. நான் என்ன எழுதவா செஞ்சேன்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன், சார் எழுதினாரு. நானே வேணாம்னுதான் சொன்னேன். எண்ணை எதுக்கு எடுத்தே? பதினேழு வருஷம் மல்லுக்கட்டி வாங்கினது பாப்பா. சாகறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான், 'யோவ், நாலாவது உன்னோடது, உன் இஷ்டப்படி எண்ணிக்கோ'ன்னாரு. வீட்டுக்குப் போற வழியெல்லாம் நான் பாடிக்கிட்டே போனேன்."

ஆறு ஆண்டுகளாக ஒரு எண்ணுக்குக் காத்திருந்தவளிடம் இதைச் சொன்னார். எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். அது பிழைதான் என்று இன்னொரு முறை சொன்னால் போதும். பள்ளிக்கூடப் படிப்பு எட்டோடு நின்றவர். பொறியாளர் சொல்வதை நம்பிவிடுவார்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அந்தச் சிவப்பு மையை அவர்கிட்ட காட்டுடி."

அம்மா எப்போது படித்தாள் என்று தெரியாது. என் அறைக்குப் போய் அப்பாவின் காகிதக் கட்டை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து நீட்டினேன். படித்தார். திரும்பவும் படித்தார். "சாரோட கைதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன் என்பது அவருக்குப் புரிந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"பேனா எடு. நான் சொல்றேன், நீ அடி" என்றார்.

ஐம்பத்தெட்டு இடம். அவர் ஒவ்வொன்றாக, "ஒண்ணு, நாலு, ஒண்ணு" என்று சொல்ல, நான் என் எண்ணை அடித்து அவர் எண்ணை எழுதினேன். நாற்பதைத் தாண்டியதும் அவருக்குக் குரல் ஏறிவிட்டது. அப்பாவிடம் கத்துகிற அதே குரல். அம்மா வந்து கதவருகில் நின்றாள். இரண்டாம் அத்தியாயத்து எடையை அவர் கண்டுகொண்டாரா என்று தெரியாது. நானும் சொல்லவில்லை. அது அப்படியே இருக்கிறது.

முடிந்ததும் முதல் பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பேனாவையும் வைத்தேன்.

"எதுக்கு?"

"அப்பா எழுதியிருந்தார். எழுதுங்க."

வேண்டாம் என்று மறுப்பார் என எதிர்பார்த்தேன். விரும்பினேன் என்பதுதான் சரி. மறுக்கவில்லை. பேனாவை எடுத்தார். உடனே கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து விரல் நீள இரும்பு அளவுகோல் ஒன்றை எடுத்து, அப்பாவின் பெயரில் உள்ள எழுத்துகளின் உயரத்தை அளந்தார். நம்பிக்கை வராமல் மறுபடியும் அளந்தார். பிறகு அதற்குக் கீழே, அந்த உயரத்தைவிட ஒரு மில்லிமீட்டர் குறைந்த இடைவெளியில், இரண்டு மெல்லிய கோடுகளைப் போட்டுக்கொண்டு, அந்தக் கோடுகளைத் தாண்டாமல் தன் பெயரை எழுத ஆரம்பித்தார்.