நாலு பை மண்ணும் ஒரு பல்லும்

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களில் சிலமலை வீரலட்சுமிக்கு நிகரில்லை. அதை அவளே சொல்லிவிடுவாள், நாம் சிரமப்பட வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருடமாக முறத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். எந்தத் தோட்டத்துக் காய் வந்தாலும் ஒரே குவியலாகக் கொட்டி, சலித்து, பருத்தது, சிறுத்தது, வெடித்தது என்று பிரிப்பதுதான் அவள் வேலை பார்க்கும் கடையில் வழக்கம்.

மகள் முத்துப்பிரியா டைனோசர் ஆராய்ச்சி செய்கிறாள். அவள் தேடுவது ஒரு பெரிய ஊனுண்ணியை. லாரி நீளம் இருந்திருக்கும் என்கிறார்கள்; கிடைத்தது என்னவோ இரண்டு பல்லும் ஓர் எலும்புத் துண்டும்தான். அரியலூர்ப் பக்கம் தோண்டி, கழுவிக் காயவைத்த மண்ணை நான்கு பைகளில் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அதில் இன்னொரு பல்லாவது கிடைத்தால்தான் இந்த வருடம் ஆய்வை முடிக்க முடியும். லென்சை வைத்துக்கொண்டு அவள் ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி மண் பார்ப்பதை வீரலட்சுமியால் சகிக்க முடியவில்லை.

மகள் மதுரைக்குப் போன அன்று, கடைக்கு லீவு சொல்லிவிட்டு நான்கு பையையும் ஒரே நாளில் பார்த்து முடித்தாள். சாயங்காலம் திரும்பி வந்த மகளின் கையில் ஒரு பல்லை வைத்தாள். கட்டைவிரல் நகத்தளவு, ஓரம் கருக்கரிவாள் மாதிரி பொடிப்பொடி ரம்பப் பல்லாக.

முத்துப்பிரியா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு கேட்டாள், "எந்தப் பையில இருந்துச்சும்மா?"

"நாலையும் ஒண்ணாக் கொட்டித்தானே ஆத்தா பொறுக்குனேன்."

மகள் காலிப் பைகளை எடுத்து, மேலே எழுதியிருந்த எண்களைப் பார்த்தாள். ஒவ்வொரு பையும் நிலத்தின் ஒவ்வோர் அடுக்கு. அடுக்குக்கு அடுக்கு லட்சக்கணக்கான வருட இடைவெளி. எந்த அடுக்கு என்று தெரியாத பல்லை ஆய்வில் சேர்க்க முடியாது.

கடைசியில், "ரெண்டாம் பையின்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. நான் எழுதிக்கிறேன்," என்றாள்.

சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. பெற்ற மகளின் ஒரு வருடத்தைத் தன் கையாலேயே பாழாக்கிவிட்டோமே என்று வீரலட்சுமிக்கு அழுகை முட்டியது. ஆனாலும் வாய் வரவில்லை.

"தெரியலயே ஆத்தா. தெரியாததத் தெரியும்னு எப்பிடிச் சொல்லுவேன்?"

மகள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பல்லை ஒரு சின்ன டப்பாவில் வைத்து, மேலே சீட்டு எழுதி ஒட்டினாள். வீரலட்சுமி எட்டிப் பார்த்தாள். 'அடுக்கு: தெரியாது. கண்டெடுத்தவர்: வீரலட்சுமி' என்று இருந்தது.

"எம்பேரு எதுக்கு ஆத்தா?"

"அது தெரியும்ல? தெரிஞ்சத எழுதணும்மா."