நகத்தளவு கேமராவும் என் மோதிர விரலும்

போன சனிக்கிழமை சாயந்திரம் ஒரே மணி நேரத்தில் பதினேழு முறை 'ஐயோ' என்று கத்தினேன். எண்ணியது நானில்லை, என் மருமகள் யாழினி.

ஏன் கத்தினேன்? நான் பறந்துகொண்டிருந்தேன். கடலோர ஜெராமில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே... பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே!

யாழினிக்கு வாரநாட்களில் செம்பனைத் தோட்டத்தில் வேலை. பெரிய ட்ரோனை மேலே அனுப்பி மரங்களைப் படம் எடுப்பாள். வாரக்கடைசியிலும் ட்ரோன்தான், ஆனால் அது வேறு ரகம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, கோபம் வந்த குளவி மாதிரிப் பாயும். ரேஸ் ட்ரோன். அதன் மூக்கில் ஒரு குட்டி கேமரா. அது பார்ப்பதை, ஓட்டுபவர் கண்ணில் மாட்டியிருக்கும் காகல்ஸ் பெட்டிக்குள் அப்படியே பார்க்கலாம். ட்ரோனுக்குள் உட்கார்ந்து ஓட்டுவது போலவே இருக்கும். இன்னொரு காகல்ஸை எனக்கு மாட்டிவிட்டாள். அவ்வளவுதான், ஐம்பத்தாறு வயதில் எனக்குச் சிறகு முளைத்துவிட்டது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சபாக்கிலிருந்து ஜெராம் வரை உள்ள ரேஸ் பிரியர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். செயலாளர் சேகருக்குச் சபாக்கில் டயர் கடை. ஒரு மாதமாக அவர் கேமராவில் ஏதோ கோளாறு. "சாயந்திரம் சூரியன் பக்கம் திரும்புனா போதும், எல்லாம் செவப்பா தெரியுது லா. கம்பெனிக்காரன் நல்லா ஏமாத்திட்டான்" என்று வாட்ஸ்அப் குழுவில் தினமும் புலம்பல். புதிதாக வந்திருக்கும் ஒரு கேமராவை யாராவது சோதித்துச் சொல்லட்டும், நன்றாக இருந்தால் எல்லோரும் மாறிவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

சோதிக்கும் பொறுப்பு யாருக்கு? யாழினிக்கு!

குழுவில் அவள் ஒருத்திதான் பெண். இதுவரை அவளிடம் கேட்டதெல்லாம், "சாப்பாட்டுக்குச் சொல்லிட்டியாம்மா?" என்பதுதான். முதல் முறையாக, "நீ சொன்னா வாங்குறோம்" என்கிறார்கள். அந்த வார்த்தை அவளுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். மூன்று நாளாக அவளுக்குச் சோறுகூட ஒழுங்காக இறங்கவில்லை.

கேமரா வந்தது. என் கட்டைவிரல் நகம் அளவு. இத்தனூண்டுக்கா இவ்வளவு பேச்சு?

அவள் சோதித்த அழகைப் பார்க்க வேண்டும்! ஒரு போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, அதைக் கேமரா முன்னால் வைத்தாள். கேமரா பார்த்தது பக்கத்தில் ஒரு திரையில் தெரிந்தது. போனையும் திரையையும் சேர்த்து இன்னொரு போனில் படம் பிடித்தாள். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் கேமராவின் தாமதம்.

"படம் கொஞ்சம் லேட்டா வந்தாலும் போச்சு அத்தை. மரம் எனக்குத் தெரியுறப்ப, ட்ரோன் அதுல மோதி முடிச்சிருக்கும்."

தாமதம் மிகக் குறைவு. பாஸ். பிறகு அறை விளக்கை அணைத்தும் போட்டும் பார்த்தாள். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குக் கேமரா உடனே பழகிக்கொண்டது. அதுவும் பாஸ்.

மிச்சம் வெயில் சோதனை. நம் பக்கம் ரேஸ் எல்லாம் சாயந்திரம்தான். கடல் மேற்கே... சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். வெள்ளிக்கிழமை போன யாழினி வாடிய முகத்தோடு திரும்பி வந்தாள். மறுநாள் நானும் கூடப் போனேன்.

ட்ரோன் செம்பனை வரிசைக்குள் பாய்ந்தது. ஐயோ! ஒரு மட்டை முகத்தில் அடிக்க வந்து விலகியது. ஐயோ! வெட்டி அடுக்கிய ஓலைக்கு மேலே, ஒரு ஜாண் உயரத்தில்... வயிறு எங்கோ பின்னால் தங்கிவிட்டது. பயமா, சந்தோஷமா? எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மேற்கே திரும்பினோம். எல்லாம் மஞ்சள் மூட்டம். மரமும் இல்லை, வானமும் இல்லை. யாழினி அவசரமாக ட்ரோனை உயரே தூக்கி, பாதையில் இறக்கினாள்.

"பாத்தீங்களா அத்தை? நேத்தும் இதேதான். வெயிலுக்கு ஆகாது லா இது."

காகல்ஸைக் கழற்றிவிட்டுப் போனில் ரிப்போர்ட் அடித்தாள். 'தாமதம் குறைவு. ஆனால் சூரியன் எதிரே படம் போய்விடுகிறது. வாங்க வேண்டாம்.' சேகர் அதற்குள் இரண்டு முறை கேட்டுவிட்டார். மறுநாள் காலை ஆர்டர் போட வேண்டுமாம்.

நான் காகல்ஸைக் கழற்றவில்லை. இறங்கிய ட்ரோன் சூரியனைப் பார்த்தபடி இருந்தது. அந்த மூட்டத்தில் கோடுகள். சாய்வாக, ஒரே பக்கம் இழுத்த கோடுகள். இதை எங்கோ பார்த்திருக்கிறேனே... என் மூக்குக்கண்ணாடியில்! எண்ணெய்ப் பிசுக்கைப் புடவைத் தலைப்பால் துடைத்தால் இப்படித்தான் இழுத்துக்கொண்டு நிற்கும்.

எனக்குச் சுரீர் என்றது.

நம் வீடுகளில் புதுப் பொருள் வந்தால் என்ன செய்வோம்? ஃப்ரிட்ஜோ, லோரியோ... பொட்டு வைக்காமல் ஓடவிடுவோமா? கேமரா வந்த அன்று யாழினி குளிக்கப் போயிருந்தாள். நான் அதைச் சாமி மேடையில் வைத்து, மோதிர விரலில் சந்தனம் தொட்டேன். நகத்தளவு சாமானில் பொட்டை எங்கே வைப்பது? லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் வைத்தேன். விரல் பெரிது, வளையம் சிறிது. நடுவிலும் பட்டுவிட்டது. தலைப்பால் ஒரே இழுப்பு. சுத்தமாகிவிட்டதென்று நினைத்தேன்.

இப்போது சொல்வதா, வேண்டாமா? வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் ஊருக்கே புத்தி சொல்கிறவள் நான். மருமகளிடம் 'தப்பு என்மேல்தான்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஆனால் நாளைக்கு வேறொருவர் அதே கேமராவை வாங்கி, 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று சொல்லிவிட்டால்? அதற்குப் பிறகு யாழினியிடம் சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான் கேட்பார்கள். அவள் விரல் போனில் அனுப்பும் பொத்தானுக்குப் போனது.

"அனுப்பாதம்மா! நான்... பொட்டு வச்சேன்."

"எதுக்கு?"

"கேமராவுக்கு."

ஓடிப்போய் ட்ரோனைத் தூக்கினாள். லென்ஸை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"அத்தை... சந்தன வாசம் வருது."

திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவளோ, "கண்ணாடி தொடைக்கிற துணி இருக்கா? சீக்கிரம் அத்தை, சூரியன் போயிரும்!" என்று கத்தினாள்.

பேட்டரி ஒன்றுதான் மிச்சம். சூரியன் மர உச்சிக்கு இறங்கிவிட்டது. என் மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்து, பேட்டரியை மாற்றி, மறுபடி கிளம்பினோம்.

மேற்கே திரும்பினோம். அம்மாடி! சூரியன் தன் இடத்தில் தட்டு மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் ஒவ்வோர் ஓலையும் தனித்தனியாக! நிழலுக்குள் போனால் இருட்டில்லை, வெளியே வந்தால் வெளுப்பில்லை. "இன்னும் வேகமாப் போ யாழினி!" என்று கத்தியது நானேதான். கடைசித் திருப்பத்தில் செம்மண் பாதையில் இரண்டு பெண்கள் தெரிந்தார்கள். ஒருத்தி முகத்தில் பெட்டியோடு, நாற்காலி நுனியில், இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு... அது நான்தான் என்று புரிய ஒரு நொடி ஆயிற்று. பதினேழாவது ஐயோ அதுதான்.

நம் விரல் பட்ட கண்ணாடி வழியாகப் பார்த்து, எத்தனை பேரை 'ஆகாது' என்று தள்ளியிருக்கிறோம்? இவள் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் நானும் மனதுக்குள் ஒரு ரிப்போர்ட் எழுதி வைத்திருந்தேன். நல்லவேளை, யாருக்கும் அனுப்பவில்லை.

புது ரிப்போர்ட் அங்கேயே தயாரானது. 'நல்ல கேமரா. தாராளமாக வாங்கலாம். குறிப்பு: சோதிக்கும் முன் லென்ஸைத் துடைக்கவும். முக்கியமாக, மாமியார் இருக்கும் வீடுகளில்.'

ஞாயிறு காலை சேகரின் பதில் வந்தது.

"யாழினி, ஆர்டர நிறுத்தியாச்சு. நீ சொன்னேன்னு என் பழைய கேமராவத் தொடச்சிப் பாத்தேன் லா... எங்க வீட்ல குங்குமம்."